ஒரு கப் மைதா எத்தனை கிராம்? தலைதட்டி அளக்கச் சொன்ன ஃபேனி ஃபார்மரின் கதை

கேக் ரெசிபியில் 240 கிராம் மைதா என்று இருக்கிறது. வீட்டில் தராசு இல்லை, கையில் இருப்பது ஒரு கப்தான். அப்போ எத்தனை கப் போடணும்? பேக்கிங் பழகும் எல்லோருக்கும் வரும் இந்தக் கேள்விக்கு 1896லேயே புத்தகத்தில் அட்டவணை போட்டுக் கொடுத்தவர், அமெரிக்காவின் ஃபேனி ஃபார்மர்.

யார் இவர்?

1857 மார்ச் 23 அன்று பாஸ்டன் நகரில் பிறந்தார். மகளைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்று நினைத்த குடும்பம். ஆனால், 16 வயதில் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையானார். படிப்பு அதோடு நின்றுபோச்சு. மெல்ல எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகும் வாழ்நாள் முழுக்க விந்தி விந்தித்தான் நடந்தார்.

வீட்டிலேயே இருந்தவருக்குக் கைகொடுத்தது சமையல். 30 வயதுக்கு மேல்தான் பாஸ்டன் சமையல் பள்ளியில் மாணவி. 1889இல் படிப்பை முடித்தார். அங்கேயே உதவியாளராகச் சேர்ந்து, சில ஆண்டுகளில் தலைமைப் பொறுப்புக்கு வந்துவிட்டார்.

அப்படி என்ன பிரச்சினை?

அந்தக் காலத்து ரெசிபிகளில் முட்டை அளவு வெண்ணெய், ஒரு டீ கப் மாவு என்றுதான் இருக்கும். எந்த முட்டை, யார் வீட்டு கப்? அம்மா பக்கத்தில் நின்று சொல்லித் தந்தால் கண்ணளவு பழகிவிடும். சொல்லித் தர ஆளே இல்லாதவர்கள் என்ன செய்வது? குழம்பில் உப்பு குறைந்தால் பிறகு சேர்த்துக்கலாம். அடுப்புக்குள் போன கேக்கில் மாவு கூடிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

அளவு கப்பை ஃபேனி கண்டுபிடிக்கவில்லை. அது ஏற்கெனவே கடையில் கிடைத்தது. அதே பள்ளியின் மேரி லிங்கன் 1884இல் எழுதிய சமையல் புத்தகமும் இருந்தது. ஃபேனி பிடிவாதமாகச் சொன்னது ஒன்றுதான்: எதையும் தலைதட்டி அளக்கணும். சலித்த மாவைக் கரண்டியால் கப்பில் போட வேண்டும். கப்பைக் குலுக்கக் கூடாது. மேலே நிற்பதைக் கத்தியால் வழித்துவிட வேண்டும். ஸ்பூனுக்கும் இதே விதிதான்.

இப்படி அளந்தால் 4 கப் மாவு ஒரு பவுண்டு, 2 கப் சர்க்கரை ஒரு பவுண்டு, அழுத்தி நிரப்பிய 2 கப் வெண்ணெய் ஒரு பவுண்டு என்று அட்டவணை தந்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 454 கிராம்.

சொந்தச் செலவில் 3,000 பிரதிகள்

புத்தகம் விற்கும் என்று பதிப்பாளருக்கு நம்பிக்கை இல்லை. ஃபேனியின் செலவிலேயே 3,000 பிரதிகள் மட்டும் அச்சிட்டார்கள். அது மறுபடி மறுபடி அச்சாகி, அமெரிக்க வீடுகளில் நிரந்தர இடம் பிடித்தது.

1902இல் சொந்தமாகப் பள்ளி தொடங்கினார். 1904இல் நோயாளிகளுக்கான சமையல் புத்தகம் எழுதினார். நீரிழிவுக்கு இன்சுலின் வராத காலம் அது. சாப்பாட்டு அளவுதான் மருந்து மாதிரி. இளம் வயதில் படுக்கையில் கிடந்த அவருக்கு அதன் அருமை தெரியாமல் இருக்குமா? செவிலியர்களுக்கும் மருத்துவ மாணவர்களுக்கும் பாடம் எடுத்தார். கடைசிக் காலத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே வகுப்பு நடத்தியவர், 1915 ஜனவரியில் 57 வயதில் இறந்தார்.

சரி, இன்றைக்கு என்ன கணக்கு?

சுமார் 240 மில்லி பிடிக்கும் அமெரிக்க கப்பில், தலைதட்டிய மைதா ஏறக்குறைய 120 கிராம், சர்க்கரை 200 கிராம், வெண்ணெய் 227 கிராம். ஆக, 240 கிராம் மைதாவுக்கு 2 கப்.

ஆனால், கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு அப்படியே அள்ளினால் ஒரு கப்பே 140 கிராமைத் தாண்டிவிடும். 2 கப்பில் 40 கிராம் கூடுதல். கேக் கல்லு மாதிரி ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் அடுத்த முறை கப்பை எடுக்கும்போது, கூடவே ஒரு ஸ்பூனையும் கத்தியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.