காலமும் முயற்சியும்: வால்சந்த் ஹீராசந்த்

1882ஆம் ஆண்டு சோலாப்பூரில், திகம்பர சமணக் குடும்பத்தில் பிறந்தவர் வால்சந்த் ஹீராசந்த். இரயில்வே ஒப்பந்தப் பணிகளில் தொழில் பயின்றார். முதல் உலகப் போருக்குப் பின் கப்பல்களுக்குத் தட்டுப்பாடு நிலவிய வேளையில், குவாலியர் அரசரின் ‘லாயல்டி’ கப்பல் விலைக்கு வந்தது. நண்பர்களுடன் சேர்ந்து அதனை வாங்கினார். 1919 ஏப்ரல் 5ஆம் நாள் அது பம்பாயிலிருந்து இலண்டன் நோக்கிப் புறப்பட்டது.

1939இல் பயணத்தின்போது அமெரிக்கரான வில்லியம் பாலியைத் தற்செயலாகச் சந்தித்தார். மறு ஆண்டே, மைசூர் அரசின் துணையுடன் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை எழுந்தது. போர் தந்ததைப் போரே பறித்தது: 1942இல் ஆலை அரசின் கைக்குச் சென்றது. தளராமல் 1944இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார், 1953இல் மறைந்தார்.

இன்று வடக்குப்பட்டை அடுத்த ஒரகடத்தில் மோட்டார் ஆலைகளுக்குச் செல்லும் நம் இளைஞர்க்கு அவர் வாழ்வு உணர்த்துவது இதுவே: வாய்ப்பை ஊழ் தரலாம், அதனை ஏற்கும் ஆயத்தத்தை முயற்சியே தரும்.