ஜீன் குருப்பா

ஜீன் குருப்பா (சனவரி 15, 1909 – அக்டோபர் 16, 1973) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜாஸ் டிரம் கலைஞரும் இசைக்குழுத் தலைவரும் ஆவார். இவரது முழுப்பெயர் யூஜீன் பெர்ட்ரம் குருப்பா. 1930களில் அமெரிக்காவெங்கும் பரவிய ஸ்விங் எனும் நடன இசையின் முதன்மைக் கலைஞர்களுள் ஒருவராக அறியப்படுகிறார். இவருக்கு முன் டிரம் வாசிப்பவர் பெரும்பாலும் பின்வரிசையில் அமர்ந்து காலப்பிரமாணத்தைக் காப்பவராகவே கருதப்பட்டார். அவரை மேடையின் முன்னணிக்குக் கொண்டுவந்து, தனி ஆவர்த்தனம் செய்யும் கலைஞராக மக்கள் ஏற்கும்படி செய்தவர் குருப்பா எனலாம். பிற்காலத்தில் ராக் இசைக்குழுக்கள் எடுத்துக்கொண்ட டிரம் தொகுதியின் அமைப்பிலும், அதில் பயன்படும் சிம்பல்களின் வளர்ச்சியிலும் இவருக்குப் பங்கு உண்டு.

இளமைக்காலம்

குருப்பா சிக்காகோ நகரில் போலந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பமொன்றில் ஒன்பது பிள்ளைகளுள் கடைக்குட்டியாகப் பிறந்தார். சிறுவயதிலேயே இசைக்கருவி ஒன்று வாங்க விரும்பிய இவர் டிரம்மைத் தேர்ந்தெடுத்ததற்குக் கலைசார்ந்த காரணம் ஏதும் இல்லை. விற்பனைப் பட்டியலில் இருந்த கருவிகளுள் அதுவே மிக மலிவானதாக இருந்தது. தாயார் இவரைப் பாதிரியாராக்க விரும்பியதால், இண்டியானா மாநிலத்தின் ரென்சலேர் நகரிலிருந்த புனித யோசேப்பு கல்லூரியில் சிலகாலம் பயின்றார். ஆனால் இசை நாட்டம் மேலோங்கவே படிப்பைக் கைவிட்டுச் சிக்காகோவுக்குத் திரும்பினார்.

அக்காலத்தில் நியூ ஓர்லியன்சிலிருந்து வந்த கறுப்பின இசைக்கலைஞர்கள் பலர் சிக்காகோவின் தெற்குப் பகுதி விடுதிகளில் வாசித்து வந்தனர். அவர்களுள் பேபி டாட்ஸ், சட்டி சிங்கிள்டன் ஆகிய டிரம் கலைஞர்களின் வாசிப்பைக் குருப்பா இரவுதோறும் கேட்டுக் கற்றார். தாம் யாரிடமிருந்து கற்றோம் என்பதை இவர் பிற்காலத்தில் மறைக்கவில்லை. பின்னர் நியூயார்க்கில், இராணுவ டிரம் வாசிப்பு மரபில் தேர்ந்த சான்போர்டு மோலரிடம் முறையாகக் கையசைவுப் பயிற்சி பெற்றார்.

1927 டிசம்பரில் மெக்கென்சி, காண்டன் ஆகியோரின் சிக்காகோ குழுவினருடன் ஓக்கே நிறுவனத்துக்காக இவர் வாசித்த இசைத்தட்டுகள், பாஸ் டிரம் உள்ளிட்ட முழு டிரம் தொகுதியும் ஒலிப்பதிவு செய்யப்பட்ட தொடக்ககால முயற்சிகளுள் அடங்கும். அதுவரை, பாஸ் டிரம்மின் அதிர்வால் பதிவு ஊசி மெழுகுத்தட்டிலிருந்து துள்ளிவிடும் என்று அஞ்சி அதனைப் பதிவுக்கூடத்தினுள் அனுமதிப்பதில்லை.

பென்னி குட்மன் குழுவில்

1929இல் குருப்பா நியூயார்க் சென்றார். அங்கே ரெட் நிக்கல்சு குழுவிலும் பிராட்வே இசை நாடகங்களிலும் வாசித்தார். 1934 டிசம்பரில் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் குழுவில் இணைந்தார். இக்குழு நாட்டின் பல நகரங்களில் போதிய வரவேற்பின்றிப் பயணம் செய்து, இறுதியில் ஆகத்து 21, 1935 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பாலமார் நடன அரங்கில் பெருவெற்றி கண்டது. ஸ்விங் காலம் அன்றே தொடங்கியதாக இசை வரலாற்று நூல்கள் பலவும் குறிக்கின்றன.

அதே ஆண்டில் குட்மன், குருப்பா, கறுப்பினத்தவரான பியானோ கலைஞர் டெடி வில்சன் ஆகிய மூவரும் சேர்ந்து ஒலிப்பதிவு செய்தனர். 1936இல் வைப்ரஃபோன் கலைஞர் லயோனல் ஹாம்ப்டனும் சேர, இது நால்வர் குழுவாயிற்று. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் பொதுமேடையில் ஒன்றாக அமர்ந்து வாசிப்பது மிக அரிதாயிருந்த காலம் அது என்பது குறிப்பிடத்தக்கது.

குருப்பாவின் புகழை உச்சத்துக்குக் கொண்டுசென்றது லூயி பிரிமா இயற்றிய 'சிங், சிங், சிங்' என்ற பாடல். 1937 சூலையில் குட்மன் குழு இதனை எட்டு நிமிடங்களுக்கும் மேலாக நீட்டி, இசைத்தட்டின் இருபுறமும் நிறையுமாறு பதிவு செய்தது. பாடல் முழுவதும் டாம்-டாம் டிரம்மில் குருப்பா எழுப்பும் இடைவிடாத ஓசையே அதன் முதுகெலும்பு. சனவரி 16, 1938 அன்று நியூயார்க்கின் கார்னகி அரங்கில் குட்மன் குழு நிகழ்த்திய கச்சேரி இப்பாடலுடன் பெரும் ஆரவாரத்தைப் பெற்றது. மேற்கத்தியச் செவ்வியல் இசைக்குப் பெயர்பெற்ற அந்த அரங்கில் டிரம் கலைஞர் ஒருவர் நட்சத்திரமாக விளங்கியது அன்று பெரும் செய்தி.

இதற்கு முந்தைய ஆண்டில் நடந்த ஒரு தோல்வியும் பதிவு செய்யத்தக்கது. மே 11, 1937 அன்று நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலுள்ள சவாய் நடன அரங்கில் குட்மன் குழுவும் சிக் வெப் குழுவும் போட்டியிட்டு வாசித்தன. சிக் வெப் முதுகெலும்பு நோயால் வளர்ச்சி குன்றியவர். ஆயினும் அக்காலத்தின் மிகச்சிறந்த டிரம் கலைஞராகச் சக கலைஞர்களால் மதிக்கப்பட்டவர். அன்றிரவு வெப்பின் குழுவே வென்றது. குருப்பா வெப்பின் முன் தலைவணங்கித் தோல்வியை ஒப்புக்கொண்டார். வெப் 1939இல் காலமானார். திரைப்படமும் வானொலியும் அவரைவிடக் குருப்பாவையே உலகறியச் செய்தன. அதற்குத் திறமை மட்டுமன்றி நிறமும் காரணம் என்பதை இக்கால இசை வரலாற்றை வாசிப்போர் மறக்க இயலாது.

டிரம் தொகுதியும் சிம்பல்களும்

1930களின் நடுப்பகுதி வரை டாம்-டாம் டிரம்களின் கீழ்ப்புறத் தோல் ஆணியடித்துப் பொருத்தப்பட்டிருந்தது. எனவே அதன் சுருதியை மாற்ற இயலாது. மேல், கீழ் ஆகிய இரு தோல்களையும் திருகிச் சுருதி சேர்க்கும் வகையில் டாம்-டாம் செய்யுமாறு குருப்பா ஸ்லிங்கர்லேண்ட் நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டார். 1936இல் அந்நிறுவனம் அவ்வாறே செய்து வெளியிட்டது. பாஸ் டிரம், ஸ்நேர், ஒரு சிறிய டாம்-டாம், தரையில் நிற்கும் ஒரு பெரிய டாம்-டாம் என இவர் கையாண்ட நான்கு டிரம் அமைப்பு பின்னர் பொதுவழக்காகியது.

இத்தொகுதியின் மற்றொரு பகுதி சிம்பல் எனப்படும் வட்டமான உலோகத் தட்டுகள். நல்ல சிம்பல்கள் ஏறத்தாழ 80 விழுக்காடு செம்பும் 20 விழுக்காடு தகரமும் கலந்த வெண்கலத்தால் ஆனவை. இவ்வளவு தகரம் சேர்ந்தால் உலோகம் எளிதில் நொறுங்கும். ஆகவே அதனைப் பழுக்கக் காய்ச்சி, மீண்டும் மீண்டும் உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்குகின்றனர். பின் நடுவில் குமிழ் அழுத்தி, சுத்தியலால் அடித்து வளைவு கொடுத்து, கடைசல் இயந்திரத்தில் சீவி முடிக்கின்றனர். கடைசலில் ஏற்படும் மெல்லிய வட்டக் கோடுகளைச் சிம்பலின் மேற்பரப்பில் காணலாம்.

சிம்பலில் மூன்று பகுதிகள் உண்டு. நடுவில் உயர்ந்திருப்பது குமிழ். இங்கே அடித்தால் மணியோசை போன்ற கூர்மையான ஒலி எழும். குமிழிலிருந்து விளிம்பு வரை சரிந்து செல்லும் பகுதியில் குச்சியின் நுனியால் அடித்தால் தெளிவான சிறு ஒலி கிடைக்கும். விளிம்பில் குச்சியின் பக்கவாட்டால் அடித்தாலோ தட்டு முழுவதும் அதிர்ந்து பேரொலி எழுப்பும். தடிமனான சிம்பலின் ஒலி உயர்ந்த சுருதியுடன் நெடுநேரம் நிற்கும். மெல்லியது அடித்தவுடனே முழுமையாக ஒலித்து விரைவில் அடங்கும், சுருதியும் தாழ்ந்திருக்கும்.

1920களில் டிரம் கலைஞர்களுக்குக் கிடைத்த சிம்பல்கள் பலவும் தடிமனானவை. இராணுவ இசைக்குழுவில் இரு தட்டுகளை மோதி வாசிப்பதற்கு ஏற்ற அவை, விரைவான நடன இசைக்குப் பொருந்தவில்லை. இந்நிலையில் ஆர்மீனியரான மூன்றாம் அவெடிஸ் ஜில்ஜியான், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குயின்சி நகரில் 1929இல் சிம்பல் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். இவரது முன்னோர் 17ஆம் நூற்றாண்டிலிருந்து கான்ஸ்டன்டினோப்பிளில் சிம்பல் செய்து வந்தவர்கள். ஜில்ஜியான் என்ற குடும்பப் பெயருக்கே சிம்பல் செய்பவரின் வழிவந்தவர் என்பது பொருள். உலோகக் கலவையின் இரகசியம் அக்குடும்பத்துக்குள்ளேயே காக்கப்பட்டது. அமெரிக்காவில் மிட்டாய்த் தொழில் நடத்திவந்த அவெடிஸ், ஜாஸ் கலைஞர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டறிந்து சிம்பல்களை வடிவமைத்தார். மெல்லிய சிம்பல்கள் வேண்டுமென்று வற்புறுத்தியவர்களுள் முதன்மையானவர் குருப்பா. அதன் விளைவாகவே காகிதம்போல் மெல்லிய சிம்பல்கள் என்ற பெயரில் விற்கப்பட்டவை உருவாயின.

இக்காலத்திலேயே சிம்பல்கள் பயன்பாட்டுக்கேற்பப் பிரிந்தன. திடீர் அழுத்தம் கொடுக்க விளிம்பில் அடிக்கப்படுவது கிராஷ்; பொதுவாக 14 முதல் 18 அங்குல விட்டமுடையது. அதனினும் சிறியதாய் நொடியில் ஒலித்து மறைவது ஸ்பிளாஷ். தொடர்ந்து தட்டிக் காலப்பிரமாணம் காக்கப் பயன்படும் பெரிய சிம்பல் ரைடு. இது பெரும்பாலும் 20 அங்குலம் அல்லது அதற்கு மேற்பட்டது. ஹை-ஹாட் என்பது ஒன்றன்மேல் ஒன்றாகத் தண்டில் பொருத்தப்பட்ட இரு சிம்பல்கள். காலால் மிதியை அழுத்தும்போது இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். நட்டுவனாரின் கைத்தாளத்தைக் காலுக்கு மாற்றியது போன்றது எனக் கொள்ளலாம். முதலில் தரையையொட்டி இருந்த இவ்வமைப்பு 1920களின் இறுதியில் இடுப்பளவு உயர்த்தப்பட்டதால் குச்சியாலும் அடிக்க வசதியாயிற்று.

சொந்த இசைக்குழு

கார்னகி கச்சேரிக்குப் பின் குட்மனுக்கும் குருப்பாவுக்கும் இடையே பிணக்கு முற்றியது. மக்களின் கவனம் டிரம் கலைஞர் மீது திரும்பியதைத் தலைவர் விரும்பவில்லை. 1938 மார்ச்சில் குருப்பா விலகி, ஏப்ரலில் அட்லாண்டிக் சிட்டியில் தம் சொந்த இசைக்குழுவை அரங்கேற்றினார். 1941இல் எக்காளக் கலைஞர் ராய் எல்ட்ரிட்ஜும் பாடகி அனிதா ஓ'டேயும் இணைந்த பின் இக்குழு சிறந்து விளங்கியது. எல்ட்ரிட்ஜ் கறுப்பினத்தவர். பென்சில்வேனியாவில் உணவகம் ஒன்று அவருக்கு உணவு தர மறுத்தபோது குருப்பா அதன் உரிமையாளருடன் கைகலப்பில் இறங்கி அபராதம் கட்டினார்.

1941இல் வெளிவந்த 'பால் ஆஃப் ஃபயர்' திரைப்படத்தில் இவர் தீப்பெட்டியின் மீது தீக்குச்சிகளால் வாசிக்கும் காட்சி இன்றும் இரசிக்கப்படுகிறது.

கைதும் மீட்சியும்

1943 சனவரியில் சான் பிரான்சிசுகோவில் கஞ்சா வைத்திருந்ததாகக் குருப்பா கைது செய்யப்பட்டார். வயது குறைந்த தம் பணியாளரை அதனைக் கொண்டுவரச் செய்தார் என்ற கடுமையான குற்றச்சாட்டும் சேர்ந்தது. நாடெங்கும் முகம் அறியப்பட்டவர் என்பதால் செய்தித்தாள்கள் இவ்வழக்கைப் பெரிதாக்கின. இவர் 84 நாட்கள் சிறையில் இருந்தார், இசைக்குழு கலைந்தது. கடுமையான குற்றத்துக்கான தீர்ப்பு 1944இல் மேல்முறையீட்டில் தள்ளுபடியாயிற்று.

விடுதலையான பின் இரசிகர்கள் தம்மை ஏற்பார்களா என்ற ஐயம் இவருக்கு இருந்தது. பழைய பிணக்கை மறந்து 1943 செப்டம்பரில் குட்மனே இவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். ஆண்டிறுதியில் டாமி டோர்சியின் குழுவில் இணைந்து நியூயார்க்கின் பாரமவுண்ட் அரங்கில் முன்னறிவிப்பின்றித் தோன்றியபோது மக்கள் எழுந்து நின்று ஆரவாரித்தனர். 1944இல் மீண்டும் சொந்தக் குழுவைத் தொடங்கினார்.

ஆனால் இசை இதற்குள் மாறத் தொடங்கியிருந்தது. ஸ்விங் கலைஞர்கள் பாஸ் டிரம்மை ஒவ்வோர் அடிக்கும் மிதித்தே காலப்பிரமாணம் காத்தனர். குருப்பாவின் வாசிப்புக்கும் அதுவே அடித்தளம். கென்னி கிளார்க் முதலிய இளம் கலைஞர்கள் அப்பணியை ரைடு சிம்பலுக்கு மாற்றி, பாஸ் டிரம்மை எதிர்பாராத இடங்களில் அழுத்தம் கொடுக்க மட்டும் பயன்படுத்தினர். பீபாப் எனப்படும் புதிய ஜாஸின் தாள முறை இதிலிருந்தே வளர்ந்தது. சிம்பல்களின் வளர்ச்சிக்குத் தூண்டுகோலாயிருந்த குருப்பாவையே அச்சிம்பல்கள் பழைய தலைமுறைக்காரராக்கிவிட்டன. எனினும் இவர் புதியதை வெறுக்கவில்லை. ஜெர்ரி மலிகன் போன்ற இளைஞர்களைத் தம் குழுவுக்கு இசையமைக்கச் செய்தார். தம் வாசிப்பின் அடிப்படையை மட்டும் பெரிதும் மாற்றிக்கொள்ளவில்லை.

பிற்காலமும் மறைவும்

பெரிய இசைக்குழுக்களின் காலம் முடிவுற, 1951இல் தம் குழுவைக் கலைத்தார். பின்னர் 'ஜாஸ் அட் த பில்ஹார்மோனிக்' கச்சேரிகளில் வாசித்தார். 1952இல் அம்மேடையில் பட்டி ரிச்சுடன் நிகழ்த்திய டிரம் போட்டி புகழ்பெற்றது. கைவேகத்தில் ரிச்சே மேலானவர் என்பதை அப்பதிவைக் கேட்போர் உணரலாம். 1954இல் கோசி கோல் என்பவருடன் நியூயார்க்கில் டிரம் பள்ளி தொடங்கினார். 1959இல் வெளிவந்த இவரது வாழ்க்கைத் திரைப்படத்தில் சால் மினியோ நடித்தார். டிரம் ஒலி குருப்பா தாமே வாசித்தது.

1960இல் மாரடைப்பு ஏற்பட்டது. 1967இல் ஓய்வு பெற்றவர் 1970இல் மீண்டும் மேடையேறினார். வாழ்வின் கடைசி ஆண்டில் இவரது யோங்கர்சு இல்லம் தீவிபத்தில் சேதமுற்றது. இரத்தப் புற்றுநோயும் நுரையீரல் நோயும் வருத்திய நிலையிலும், 1973 கோடையில் குட்மன், வில்சன், ஹாம்ப்டன் ஆகியோருடன் பழைய நால்வர் குழுவில் சேர்ந்து வாசித்தார். அக்டோபர் 16 அன்று யோங்கர்சில் காலமானார். இலினாய் மாநிலத்தின் கேலுமெட் சிட்டியிலுள்ள திருச்சிலுவைக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

ரஷ் எனும் கனடிய ராக் குழுவின் டிரம் கலைஞர் நீல் பியர்ட் (1952–2020), சிறுவயதில் தொலைக்காட்சியில் பார்த்த குருப்பாவின் வாழ்க்கைத் திரைப்படமே தம்மை இக்கருவியின்பால் ஈர்த்ததாகக் கூறியுள்ளார்.