வானம் பார்த்து நிலம் அளந்தவர்

நம் காவலூர் வானோக்கு நிலையத்திற்கும் சென்னையிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்திற்கும் என்ன உறவு என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். இரண்டின் தொடக்கத்திலும் நிற்பவர் ஒருவரே. அவர்தான் மைக்கேல் டாப்பிங் என்னும் ஆங்கிலேயர்.

1747இல் பிறந்த டாப்பிங், கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சோழமண்டலக் கரையை அளந்தார். சரியான வரைபடம் இல்லாமையால் கப்பல்கள் ஆபத்துக்குள்ளான காலம் அது. ஓர் இடத்தின் தீர்க்கரேகையை அறிய, அவ்விடத்து நேரத்தைக் கிரீன்விச் நேரத்துடன் ஒப்பிட வேண்டும். நான்கு நிமிட வேறுபாடு ஒரு பாகையாகும். சரியான நேரத்தைச் சொல்பவை விண்மீன்களே. ஆகவே நிலத்தை அளக்க வானத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் கம்பெனியாரிடம் வாதாடினார்.

வில்லியம் பெட்ரி என்பவர் 1786இல் எழும்பூரில் அமைத்திருந்த வானோக்கு நிலையத்தைக் கம்பெனி ஏற்றது. 1792இல் டாப்பிங்கின் திட்டப்படி நுங்கம்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. கருவியைத் தாங்கிய பத்து டன் கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை நிலைய வளாகத்தில் நிற்கின்றது.

கருவிகள் இருந்தன, அளப்பதற்கு ஆட்கள் போதவில்லை. எனவே 1794 மே மாதத்தில் எட்டே மாணவர்களுடன் அளவைப் பள்ளி ஒன்று தொடங்கியது. அவர்கள் அநாதை விடுதிச் சிறுவர்கள். கேட்பாரற்ற பிள்ளைகளின் கையில் ஒரு தொழிலை அப்பள்ளி கொடுத்தது.

அப்பள்ளிக்கு இரண்டு வயது நிரம்புமுன், 1796இல் மசூலிப்பட்டினத்தில் காய்ச்சல் கண்டு டாப்பிங் இறந்தார். அவருடைய உதவியாளர் கோல்டிங்காம் பணியைத் தொடர்ந்தார். அச்சிறு பள்ளி 1859இல் பொறியியல் கல்லூரியாயிற்று. 1920இல் கிண்டிக்குச் சென்றது. 1978இல் வேறு சில நிறுவனங்களுடன் இணைந்து பல்கலைக்கழகமாக உயர்ந்தது. வானோக்கும் பணியோ 1899இல் கொடைக்கானலுக்கும், 1960களில் நம் காவலூருக்கும் வந்து சேர்ந்தது.

தோழியரே, சிறுவர்களுக்கென்றே தொடங்கிய அப்பள்ளியின் வழிவந்த கல்லூரியில் 1940களில் லலிதா, திரேசியா, லீலாம்மா என்னும் மூன்று பெண்கள் பொறியியல் பட்டம் பெற்றனர். இளம் வயதிலேயே விதவையான லலிதா, கைக்குழந்தையை உற்றார் பொறுப்பில் விட்டுப் படித்தவர். டாப்பிங் நட்ட விதை, அவர் எண்ணியும் பாராத கைகளுக்குக் கனி தந்தது. பலனைக் காணும் பேறு அவருக்கில்லை. பெறும் பேறு நமக்குண்டு. நாமும் கருத்தூன்றிப் படித்து, நமக்குப்பின் வருவோர்க்கு ஒரு விதையேனும் விதைப்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி