கணித மேதை எஸ். எஸ். பிள்ளை

கணிதத்தில் சிறந்த தமிழர் யாரென்று கேட்டால் சீனிவாச இராமானுஜனின் பெயரையே நாம் எல்லோரும் சொல்வோம். அவருக்கு அடுத்த தலைமுறையில், அதே எண் கோட்பாட்டில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தீராதிருந்த வினாவொன்றுக்கு விடை கண்ட தமிழர் ஒருவரும் இருந்தார். அவர்தான் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை.

தென் தமிழ்நாட்டில், குற்றாலத்துக்கு அருகிலுள்ள வல்லம் என்னும் ஊரில் 1901 ஏப்ரல் 5ஆம் திகதி அவர் பிறந்தார். குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியுமுன் தந்தையும் காலமானார். யதீமாக நின்ற அந்த மாணவனின் படிப்பு தடைப்படாமல் காத்தவர் சாஸ்திரியார் என்ற ஆசிரியர். யதீமை ஆதரிப்போரின் மாண்பை நமது மார்க்கம் எவ்வளவு உயர்த்திச் சொல்கிறது என்பதை அறிந்த நமக்கு, அந்த ஆசிரியர் செய்த உதவியின் பெறுமதி நன்கு விளங்கும்.

நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் பயின்று பட்டம் பெற்ற பிள்ளை, 1927இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது அங்கே விரிவுரையாளரானார். அவருடைய மிகச் சிறந்த ஆய்வுகள் பிறந்த இடம் அதுவே.

அவர் எடுத்துக்கொண்ட வினா எளிமையாகத் தோன்றும். எந்த நேர் முழு எண்ணையும் நான்கு அல்லது அதற்குக் குறைந்த வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். உதாரணமாக 7 = 4 + 1 + 1 + 1. கனங்கள் என்றால் ஒன்பது போதும். 23 என்ற எண்ணுக்கு அந்த ஒன்பதும் வேண்டும். அப்படியானால் ஐந்தாம் வலு, ஆறாம் வலு, நூறாம் வலு என்று போகும்போது எத்தனை வேண்டும்? 1770இல் எட்வர்ட் வேரிங் எழுப்பிய இந்த வினாவை வேரிங் புதிர் என்பர். ஒவ்வொரு வலுவுக்கும் ஓர் எல்லை உண்டு என்று 1909இல் ஹில்பர்ட் நிறுவினார். ஆனால் அந்த எல்லை எத்தனை என்பதை அவருடைய நிறுவல் சொல்லவில்லை.

1936இல் பிள்ளை, ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு, ஏழாம் வலுவிலிருந்து மேலுள்ள எல்லாவற்றுக்கும் அந்த எண்ணிக்கையைத் தரும் சூத்திரத்தை நிறுவினார். ஆறாம் வலுவுக்கு 73 போதும் என்பதை 1940இல் காட்டினார். ஏழாம் வலுவிலிருந்து மேலுள்ளவற்றுக்கான அதே முடிவை, ஏறக்குறைய 1936ஆம் ஆண்டளவிலேயே, அமெரிக்காவின் சிக்காகோவில் டிக்சன் என்ற பேராசிரியரும் தனியாக எட்டியிருந்தார். டிக்சன் உலகறிந்தவர். பிள்ளையோ தம் கட்டுரைகளைப் பெரும்பாலும் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்விதழிலும் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழிலும் வெளியிட்டவர். அவ்விதழ்கள் எட்டாத நாடுகளில் அவருடைய பெயரும் எட்டவில்லை.

இன்று ஓர் ஆய்வாளரின் தகுதியை அளக்க, அவருடைய கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்று எண்ணிப் பார்க்கிறார்கள். அந்த அளவுகோலை அன்றைய பிள்ளைக்கு வைத்தால் அவர் சிறியவராகவே தெரிவார். ஆனால் காலம் வேறு விதமாகவும் எண்ணுகிறது. 1933இல் அவர் ஒரு சார்பை ஆராய்ந்தார். 1 முதல் 6 வரையுள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் 6க்கும் உள்ள பொ.கா.பெ.வைக் கண்டு கூட்டினால் 1 + 2 + 3 + 2 + 1 + 6 = 15 வரும். எந்த எண்ணுக்கும் இப்படிச் செய்யலாம். நாம் ஆறாம் ஏழாம் வகுப்பில் படித்த பொ.கா.பெ.தான்! அது இன்று பிள்ளையின் சார்பு என்றே வழங்கப்படுகிறது.

4, 8, 9, 16, 25, 27, 32 என வரும் வலு எண்களைப் பற்றியும் அவர் ஓர் ஊகத்தை முன்வைத்தார். எந்த வித்தியாசத்தை எடுத்துக்கொண்டாலும், அவ்வளவு இடைவெளியுள்ள சோடிகள் முடிவுள்ள எண்ணிக்கையிலேயே இருக்கும் என்பது அது. வித்தியாசம் 1 உள்ள சோடி 8, 9 மட்டுமே என்பது 2002இல்தான் நிறுவப்பட்டது. பிள்ளையின் முழு ஊகமோ இன்னும் நிறுவப்படாமல் உலகக் கணித அறிஞர்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறது.

1941இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்கும் அடுத்த ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கும் அவர் சென்றார். கடைசியில் உலகம் அவரை அழைத்தது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் ஓராண்டு தங்கி ஆராயவும், ஹார்வர்டில் நடைபெறவிருந்த உலகக் கணித மாநாட்டில் பங்குகொள்ளவும் 1950 ஓகஸ்டில் புறப்பட்டார். அம்மாதம் 31ஆம் திகதி கெய்ரோவுக்கு அருகில் விமானம் விழுந்து நொறுங்கியது. பயணித்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 49.

அவருடைய கட்டுரைகள் அனைத்தும் திரட்டப்பட்டு நூலாக வெளிவந்தது 2010இல், அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு. பழைய இதழ்களில் அவை அச்சாகியிருந்ததால்தான் திரட்ட முடிந்தது. தூரத்து ஊரிலிருந்து எழுதினால் யார் பார்ப்பார்கள் என்று எண்ணி அவர் பேனாவை மூடியிருந்தால், திரட்டுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது. லுணுகலை போன்ற மலையூர்களில் படிக்கும் நாம் இதை மனதிற்கொள்ள வேண்டும். ஒரு கணக்கைச் சரியாகச் செய்து, தெளிவாக எழுதி வைப்பது நம் கையில் இருக்கிறது. அதைத் தேடி எடுப்பவர் எப்போது வருவார் என்பதை இறைவனே அறிவான்.