ஆண்டுவிழாவில் ஒலிக்காத பாட்டு



கிறிஸ்மஸ் வந்தால் நாம் "கேள் ஜென்மித்த ராயர்க்கே" பாமாலையைப் பாடாமல் இருப்பதில்லை. அந்த ராகத்தைத் தந்தவர் ஜெர்மனி தேசத்து இசை மேதை பெலிக்ஸ் மெண்டல்சோன். அவருடைய வாழ்க்கையை நம் ஆண்டுவிழா மலரில் உங்களுக்குச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அவரும் ஒரு ஆண்டுவிழாவுக்காகப் பெரியதோர் இசையை எழுதினார். அந்த விழாவில் அது ஒலிக்கவே இல்லை.

பெலிக்ஸ் 1809 பிப்ரவரி 3ஆம் தேதி ஹாம்பர்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தாத்தா மோசே மெண்டல்சோன் பேர்பெற்ற யூதத் தத்துவ ஞானி. ஏழு வயதில், 1816ல், பெலிக்ஸும் உடன்பிறந்தவர்களும் பெர்லினில் ஞானஸ்நானம் பெற்றார்கள். அக்காள் பானியும் அவருக்குச் சமமாகப் பியானோ வாசித்தவள், பாட்டு எழுதியவள். இருவரும் ஒருவருக்கொருவர் முதல் ரசிகர்.

20 வயதில் பெலிக்ஸ் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். மறக்கப்பட்டுக் கிடந்த பாக்கின் மத்தேயு பாடுகளின் இசையை 1829ல் பெர்லினில் தாமே நின்று நடத்தினார். இன்று உலகமெங்கும் தேவாலயங்களில் பாக் ஒலிப்பதற்கு அந்த மாலையும் ஒரு காரணம்.

அடுத்த வருஷம் 1830, ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 300ஆம் ஆண்டு. அதற்காக ஒரு சிம்பொனி எழுதத் தொடங்கினார். அது முடிந்தும் விழாவில் இடம் கிடைக்கவில்லை. 1832ல் பாரிஸில் ஒத்திகை பார்த்த இசைக்குழுவினர், இதில் படிப்பு அதிகம், இனிமை குறைவு என்று ஒதுக்கிவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் பெர்லினில் தாமே ஒருமுறை நடத்தினார். பிறகு அவருக்கே அதன்மேல் வெறுப்பு வந்தது. எரித்துவிடலாம் என்னும் அளவுக்கு வெறுத்து, அச்சிடாமலே வைத்துவிட்டார்.

பிள்ளைகளே, அந்தச் சிம்பொனியில் அப்படி என்ன இருக்கிறது? நான் செவிலியர் படிப்பை ஜெர்மனியில் படித்தேன். நோயாளியின் மணிக்கட்டில் விரல் வைத்து நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணுவதுதான் ஆரம்பப் பாடம். இசையின் வேகத்துக்கும் அதே கணக்குதான். மெட்ரோனோம் என்ற கருவி நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று காட்டும். இந்தச் சிம்பொனி நடக்கிற வேகத்தில் மெதுவாகத் தொடங்கும். அந்தத் தொடக்கத்தின் முடிவில் வயலின்கள் மிக மெல்லிய ஒலியில் மேலே ஏறும். அது டிரெஸ்டன் ஆமென், அந்த நகரத்து ஆலயத்தில் பாடகர் குழு பாடிவந்த ஆமென். உடனே, ஓடி வந்தவரின் நாடியைப் போல, இசை வேகமாகப் பாயும்.

அந்தப் பாய்ச்சல் டி மைனரில் இருக்கும். உங்கள் வீட்டுக் கீபோர்டில் டி, எஃப், ஏ மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள், மனம் கனக்கும். எஃபை மட்டும் விட்டு அதற்கு வலப்பக்கக் கறுப்புக் கட்டையை அழுத்துங்கள். அதுதான் டி மேஜர். ஆதார சுருதி மாறவில்லை, நடுச்சுரம் அரைப்படி ஏறியதும் வெளிச்சம் வந்துவிடுகிறது. இந்தச் சிம்பொனியின் பயணமே அந்த அரைப்படிதான். அதற்கு அரைமணி நேரம் ஆகும்.

மூன்றாம் பகுதி ஜி மைனரில் துக்கமாக நடந்து, ஜி மேஜரில் அமைதியாக முடியும். இடைவெளி இல்லாமல், அதே ஜி மேஜரில், ஒற்றைப் புல்லாங்குழல் ஒரு பாமாலையைத் தொடங்கும். அது 46ஆம் சங்கீதத்தைத் தழுவி, தேவனே நம் அரண் என்று லூத்தர் எழுதியது. இன்று ஒலிப்பதிவு செய்கிறவர்கள் இரண்டு பாட்டுகளைத் தையல் தெரியாமல் இணைக்க வேண்டுமானால், சுருதியும் வேகமும் பொருந்துகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். கருவிகள் எதுவும் இல்லாத காலத்தில், 21 வயது வாலிபர் இதைக் காகிதத்திலேயே செய்துவிட்டார். பிறகு ஒவ்வொரு வாத்தியமாகச் சேர்ந்து, கடைசியில் இசைக்குழு முழுவதும் டி மேஜரில் அதே பாமாலையை முழங்கும்.

1835 முதல் பெலிக்ஸ் லைப்சிக் நகரின் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவை நடத்தினார். 1843ல் அங்கே ஓர் இசைக்கல்லூரியையும் தொடங்கினார். அச்சுக்கலையின் 400ஆம் ஆண்டு விழாவுக்காக அவர் 1840ல் எழுதிய பாட்டில்தான் நம் கிறிஸ்மஸ் ராகம் இருந்தது. அது தெய்வப் பாடலுக்குப் பொருந்தாது என்றே அவர் எண்ணினார். அவர் மரித்தபின், 1855ல், வில்லியம் கம்மிங்ஸ் என்ற ஆங்கிலேயர் அதைச் சார்லஸ் வெஸ்லியின் பாமாலையோடு சேர்த்தார்.

1847 மே மாதம் அக்காள் பானி பக்கவாதத்தால் இறந்தாள். செய்தி கேட்ட பெலிக்ஸ் அதிலிருந்து தேறவில்லை. அவரும் பக்கவாதம் தாக்கி, நவம்பர் 4ஆம் தேதி லைப்சிக்கில் மரித்தார். வயது 38. இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி அன்று மருத்துவரிடம் இல்லை. பெரியவர்களே, இன்று அது நம் தெருமுனை மருந்துக்கடையிலும் இருக்கிறது. தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் ஒதுக்கிய சிம்பொனி 1868ல் அச்சேறி, சீர்திருத்தச் சிம்பொனி என்று பேர் பெற்றது. இரண்டாவதாக எழுதியது, ஐந்தாவது என்ற எண் பெற்றது. ஆனால் சோதனை முடியவில்லை. அவர் யூதராய்ப் பிறந்தவர் என்பதற்காக நாஜிகள் அவர் இசையைத் தடைசெய்தார்கள். 1936ல் லைப்சிக்கில் இருந்த அவர் சிலையையும் அகற்றினார்கள். 2008ல் அதே சாயலில் புதிய சிலை, பாக் பணிசெய்த தோமா ஆலயத்தின் அருகே நிறுவப்பட்டது. அதன் முன் நின்றபோது எனக்கு அந்த ஒற்றைப் புல்லாங்குழல்தான் நினைவுக்கு வந்தது.

அன்பானவர்களே, தம் இரண்டு படைப்புகளையும் பற்றி அவர் தவறாகவே கணித்தார். ஒன்று எரிக்கத் தக்கது என்றார், மற்றொன்று ஆராதனைக்கு ஆகாது என்றார். ஒன்றை உலகம் கேட்கிறது, மற்றொன்றை நாம் பாடுகிறோம். நம் சபையிலும், நான் பாடியது சரியில்லை என்று பின்வரிசைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். இந்த ஆண்டுவிழாவில் அவர்கள் முன்வரிசைக்கு வரட்டும். கர்த்தர் நம் சபையை ஆசீர்வதிப்பாராக.