மீதித் தொகையில் பறந்தவர்

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்கு வடமேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் இலாசுப்பேட்டை விமான நிலையம் இருக்கிறது. ஓடுபாதை சிறியது; வந்துபோகும் விமானங்களும் சிலவே. எனினும் அந்த ஓசையைக் கேட்டு வளர்ந்த எங்கள் தெருப் பிள்ளைகளில் ஒருவருக்குச் சொந்தமாக விமானம் கட்டும் ஆசை பிறந்துவிட்டது. பொறியியல் படித்தவர். நண்பர்கள் மூவரோடு சேர்ந்து, இருவர் அமரும் சிறு விமானம் ஒன்றின் பாகங்களை வரவழைத்துத் தாமே பூட்டிக்கொள்வது திட்டம். நம் நாட்டில் நடவாத காரியமன்று இது. மும்பையில் அமோல் யாதவ் வீட்டு மொட்டை மாடியில் கட்டிய விமானம் 2017இல் முறைப்படி பதிவு பெற்றது. நான் ஆலைக் கணக்குகளைப் பார்த்தே வயதானவன் என்பதால், மதிப்பீட்டுத் தாளை என்னிடம் காட்ட வந்தார் அந்த இளைஞர்.

சட்டகம், இறக்கை, பொறி, முன்விசிறி, சக்கரங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை இருந்தது. வண்ணப்பூச்சுக்கும் இருக்கையின் தோலுறைக்கும்கூடத் தொகை இருந்தது. கடைசி வரியில் கருவிப்பலகை, வானொலி என்று எழுதி, அதற்கு எதிரே எண்ணுக்குப் பதிலாக மீதி என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது.

அச்சொல்லைக் கண்டதும் எனக்கு லூயி பிளேரியோவின் நினைவு வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் தலைமுறையினருக்கு அவர் பாடநூலில் வரும் வீரர்; ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதலில் கடந்தவர். அவ்வீரத்துக்குப் பின்னே ஒரு கணக்குப் புத்தகமும் உண்டு என்பதை நான் உணர்ந்தது மிகப் பிந்தித்தான்.

பிளேரியோ 1872 சூலை 1 அன்று வடபிரான்சின் காம்பிரே நகரில் பிறந்தார். கேம்பிரிக் என்று நாம் சொல்லும் மெல்லிய துணி பெயர் பெற்றது அவ்வூரால்தான். தந்தையாரும் துணித் தொழிலர். தறியோசை கேட்டுப் பழகிய முத்தியால்பேட்டைக்காரனுக்கு இந்தச் செய்தியில் ஒரு தனி உறவு தோன்றுவது இயல்பு. பாரிஸின் எக்கோல் சென்ட்ராலில் பொறியியல் முடித்த அவர், மோட்டார் வண்டிகள் அப்போதுதான் பரவிவருவதையும், இருட்டில் அவற்றுக்கு வழிகாட்டத் தக்க விளக்கு இல்லாததையும் கண்டார். அசிட்டிலின் வாயுவில் எரியும் முகப்பு விளக்கொன்றை உருவாக்கினார். அந்நாளைய பெரிய வண்டி நிறுவனங்கள் அவரிடம் வாங்கின. முப்பது வயதுக்குள் செல்வர் ஆனார். 1901இல் அலிஸ் வெதேரைக் கைப்பிடித்தார்.

அந்த விளக்குப் பணம் முழுவதும் காற்றில் போயிற்று. முதலில் பறவையைப்போல் இறக்கையடிக்கும் பொறிகள். அவை தரையை விட்டு எழவேயில்லை. 1905இல் காபிரியேல் வுவாசேன் கட்டித்தந்த மிதவை விமானத்தைச் சேன் ஆற்றில் படகால் இழுத்துப் பார்த்தபோது அது கவிழ்ந்தது. உள்ளே இருந்த வுவாசேன் மூழ்கிச் சாகாமல் தப்பியதே பெரிது. அதன்பின் ஒவ்வோராண்டும் புது வடிவம், புது எண், புது விபத்து. பிளேரியோவே ஓட்டினார், விழுந்தார், எழுந்தார், அடுத்ததைத் தொடங்கினார். 1908 அக்டோபர் 31 அன்று தூரி என்னும் ஊரிலிருந்து ஆர்த்தனேவுக்குச் சென்று திரும்பி, ஊர்விட்டு ஊர் பறக்க முடியும் என்று காட்டினார். அதற்குள் அவர் செலவிட்டது ஏழு இலட்சத்து எண்பதாயிரம் பிராங்க் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மனைவியின் சீர்ப்பணமும் அதில் கரைந்தது.

ஒரு தணிக்கையாளன் கண்ணோடு பார்த்தால் அச்செலவில் ஓர் ஒழுங்கு தெரியும். பணம் இறக்கைக்கும் பொறிக்கும் போயிற்று. உடைந்த இறக்கைக்கும் கருகிய பொறிக்கும் பதிலாக மறுபடியும் இறக்கைக்கும் பொறிக்குமே போயிற்று. தாம் எங்கே இருக்கிறோம், எத்திசையில் போகிறோம், எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று விமானிக்குச் சொல்லும் பொருள்களுக்கு அதில் இடம் வாய்க்கவேயில்லை. பறப்பதே நிச்சயமில்லாத காலத்தில் அது புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் அந்தப் பழக்கம் 1909 சூலையிலும் தொடர்ந்தது.

கால்வாயைக் கடப்பவருக்கு ஆயிரம் பவுன் தருவதாக இலண்டனின் டெய்லி மெயில் அறிவித்திருந்தது. பிளேரியோவின் கையில் அப்போது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பாரிஸில் வசதியான ஒருவரின் குழந்தை மாடத்திலிருந்து விழவிருந்ததை அலிஸ் தடுத்ததாகவும், அந்த நன்றிக்காகக் கிடைத்த இருபத்தைந்தாயிரம் பிராங்க்கில்தான் வேலை தொடர்ந்ததாகவும் ஒரு கதை சொல்வார்கள். போட்டியாளரான யூபேர் லாத்தாம் சூலை 19 அன்று பறந்து, பொறி நின்று கடலில் விழுந்து மீட்கப்பட்டிருந்தார். பிளேரியோவின் பதினோராம் எண் விமானமோ மரச்சட்டம், துணி, கம்பி ஆகியவற்றாலான ஓரிறக்கை விமானம். 25 குதிரைத்திறன் கொண்ட மூன்று உருளை அன்சானிப் பொறி. அதற்கு முந்தைய பறத்தலொன்றில் பொறியின் சூட்டில் வெந்த கால் ஆறவில்லை, ஊன்றுகோலோடு வந்தார்.

சூலை 25, விடிகாலை 4.41. கலே அருகே இலே பாராக் என்னும் இடத்திலிருந்து எழும்பினார். விமானத்தில் திசைகாட்டி இல்லை. இரவில் வண்டியோட்டுவோருக்கு வழிகாட்டியே பொருள் ஈட்டியவர், தமக்கு வழிகாட்ட ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் கடல்மேல் போனார். அன்று அது அரிய பொருளும் அன்று. கடலோடிகள் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்ததுதான்.

அவரது வழிகாட்டி எஸ்கோபெத் என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல். அலிஸ் அதில் இருந்தார். கப்பல் போகும் திசையே டோவருக்கான திசை என்பது ஏற்பாடு. ஆனால் விமானம் கப்பலைவிட வேகமானது; சில நிமிடங்களில் அதைத் தாண்டிவிட்டது. பிறகு பத்து நிமிடம் போல் முன்னே கரையில்லை, பின்னே கப்பலில்லை. மேலும் கீழும் சாம்பல் நிறம். எங்கே போகிறோம் என்றே தெரியாத நிலையில், கைப்பிடியை அசைக்காமல் விமானத்தை அதன் போக்கில் விட்டார். காற்று அவரைக் கிழக்கே தள்ளியிருந்தது. இங்கிலாந்தின் வெண்பாறைகள் தெரிந்தபோது தாம் வழி விலகி வந்திருப்பதை உணர்ந்து, கீழே சென்ற கப்பல்களின் போக்கை ஊகமாகக் கொண்டு கரையோரமே மேற்கு நோக்கித் திரும்பினார். டோவர்க் கோட்டையருகே ஒரு பத்திரிகையாளர் மூவண்ணக் கொடியை வீசிக்கொண்டு நின்றார். காற்று சுழற்றியடிக்க, அந்தச் சரிவில் விழுந்தாற்போல் இறங்கினார். சக்கரச் சட்டமும் முன்விசிறியும் முறிந்தன. மொத்தம் 36 நிமிடம் 30 விநாடி.

இந்தப் பத்து நிமிடங்களைத் துணிவின் உச்சம் என்றே பாடநூல் எங்களுக்குக் கற்பித்தது. துணிவுதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கன் என்ற முறையில் எனக்கு அது ஒரு விடுபட்ட செலவினமாகவே தெரிகிறது. காற்று இன்னும் சற்று வலுத்திருந்தால், மூடுபனி இன்னும் சற்றுத் தாழ்ந்திருந்தால், வடகடலை நோக்கிப் போயிருப்பார். எட்டாண்டுச் செலவும் ஓர் உயிரும், பட்டியலில் சேராத ஒரு சிறு பொருளுக்காகக் கடலில் போயிருக்கும்.

வெற்றி, கடன்களைத் துடைத்தது. அவ்வாண்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்களுக்கு ஆணை வந்தது. ஒன்றின் விலை பத்தாயிரம் பிராங்க். அந்த அலை சென்னைக்கும் எட்டியது. மவுண்ட் ரோட்டில் விடுதி நடத்திய கோர்சிகர் ஜாக்கோமோ டி ஆஞ்சலிஸ், பிளேரியோவின் செய்தியால் உந்தப்பட்டு, தாமே வரைந்த வடிவில் ஒரு விமானத்தைக் கோச்சு வண்டிகள் கட்டிய சிம்சன் நிறுவனத்தில் செய்வித்தார். பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் மக்கள் முன்னே பறந்து காட்டினார். கல்கத்தாவும் அலகாபாத்தும் விமானம் காண்பதற்கு முன்பே நடந்தது இது. எங்கள் தெரு இளைஞர் அறிந்தோ அறியாமலோ அந்த வரிசையில்தான் வருகிறார்.

பிளேரியோ நெடுநாள் பந்தயங்களில் பறக்கவில்லை. 1909 டிசம்பரில் இஸ்தான்புல்லில் பலத்த காற்றில் பறந்து ஒரு வீட்டுக் கூரைமேல் விழுந்து விலாவெலும்புகள் முறிந்தார். அத்தோடு போட்டிகளை விட்டுத் தொழிற்சாலையில் அமர்ந்தார். அவர் வாழ்வில் நான் மிக மதிப்பது அதற்குப் பிந்திய ஒரு செயலை. ஓரிறக்கை விமானங்கள் வானிலேயே இறக்கை மடிந்து விழுவதும் விமானிகள் மடிவதும் தொடர்ந்தபோது, 1912 தொடக்கத்தில் அவரே பிரெஞ்சு இராணுவத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். கீழிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கவே எல்லாரும் கம்பி கட்டினார்கள். மேலிருந்து வரும் அழுத்தத்துக்கு மேற்கம்பிகள் போதவில்லை என்பது அவர் கண்டது. இராணுவம் அவ்வகை விமானங்களையெல்லாம், அவருடையவற்றையும் சேர்த்து, திருத்தம் செய்யும்வரை நிறுத்திவைத்தது. தம் சரக்கின் குறையைத் தாமே எழுதிக்கொடுக்கும் வணிகரை என் தொழில்வாழ்வில் நான் அதிகம் கண்டதில்லை. பின்னர் ஸ்பாட் நிறுவனத்தை ஏற்று நடத்தினார். முதல் உலகப் போரில் அதன் விமானங்கள் ஆயிரக்கணக்கில் பறந்தன.

1927இல் பாரிஸ் வந்திறங்கிய சார்லஸ் லிண்ட்பர்க்கை அவர் சந்தித்தார். அந்தச் சந்திப்பில் எனக்கு இரண்டு மதிப்பீட்டுத் தாள்கள் எதிரெதிரே நிற்பதுபோல் தோன்றும். லிண்ட்பர்க்கின் கையிலிருந்தது, சொந்தச் சேமிப்பும் சேர்த்து, 15,000 டாலர். அவர் வானொலியை நீக்கினார், வான்குடையை நீக்கினார், எரிபொருள் அளவுமானியைக்கூட நீக்கினார். ஆனால் புவிக்காந்தத் தூண்டலால் இயங்கும் அக்காலத்தின் சிறந்த திசைகாட்டியைப் பொருத்திக்கொண்டார். இரண்டே ஆண்டில், 1929 செப்டம்பரில், ஜிம்மி டூலிட்டில் திரைபோட்டு மூடிய இருக்கையில் கருவிகளை மட்டுமே பார்த்து எழும்பி, சுற்றி, இறங்கிக் காட்டினார்.

இளைஞரிடம் நான் சொன்னதும் இந்த வேறுபாட்டைத்தான். கருவிகளுக்கு நிறையச் செலவிடு என்பது என் கட்சியன்று. பகலில், தெளிந்த வானில் மட்டும் பறக்கப்போகும் சிறு விமானத்துக்குப் பெரிய வண்ணத்திரைகள் அணிகலன்தான். வேகமானி, உயரமானி, திசைகாட்டி, பொறியின் சுழற்சி, எண்ணெயின் அழுத்தமும் சூடும், எரிபொருளின் அளவு ஆகிய இவை மட்டும் முதல் வரியில் தொகையோடு வரவேண்டும். பிறகு வானொலி. மிஞ்சினால் மற்றவை. தோலுறை கடைசி வரிக்குப் போகட்டும்.

தொகை என்றும் ஒரு தொகை அன்று. ஆலைக்குப் புதுத் தறி வாங்கினால் விலைப்பட்டியலில் இருப்பது ஒரு பங்கு. அதை நிறுத்தி ஓட்ட ஆகும் செலவு இன்னொன்று. வேகமானியின் முகத்துக்குப் பின்னே இறக்கைவரை ஓடும் குழாய் இருக்கிறது. திசைகாட்டியைப் பொறியின் இரும்பும் மின்கம்பிகளும் திசைதிருப்பும். விமானத்தைத் தரையில் ஒவ்வொரு திசைக்கும் திருப்பி நிறுத்திப் பிழையளந்து, அட்டை எழுதி ஒட்டவேண்டும். வானொலிக்கு அலைவாங்கி, கம்பி, காதொலிப்பான், உரிமம். கட்டுப்பாட்டு நிலையத்துக்கு விமானத்தை இனங்காட்டும் டிரான்ஸ்பாண்டருக்குத் தவணைதோறும் சோதனை. வண்ணத்திரைக்கு மென்பொருள் புதுப்பிப்பு. எல்லாவற்றுக்கும் மின்சாரம், எல்லாவற்றுக்கும் எடை. அந்த எடை எரிபொருளிலிருந்து கழியும். இதையெல்லாம் கூட்டியபின் மீதி என்ற சொல் எந்த வரிக்கு உரியது என்று பார்க்கச் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. தொலைபேசியிலேயே வரைபடம் இருக்கிறதே என்றொரு வாதம் அவரிடம் இருந்தது. மின்கலம் தீர்ந்த தொலைபேசி, தாண்டிவந்துவிட்ட எஸ்கோபெத் கப்பல்தான் என்று நான் சொன்னதற்குச் சிரித்தார்.

இன்னொரு தொடர்ச்சியும் உண்டு. வடபிரான்சின் ஹார்தெலோக் கடற்கரையில் பிளேரியோவின் கோடை வீட்டருகே தங்கிய ஓர் இந்தியக் குடும்பத்துச் சிறுவன், அங்கு வந்திறங்கிய விமானங்களைப் பார்த்து வளர்ந்தான். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியே பம்பாய்க்கு வானொலி இல்லாத பஸ் மாத் விமானத்தில் தபால் கொண்டுவந்த ஜே.ஆர்.டி. டாட்டா அவர்தான். அங்கிருந்து அத்தபாலை பெல்லாரி வழியே சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட்.

பிளேரியோ 1936 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸில் மாரடைப்பால் இறந்தார். கால்வாய் கடந்த அந்த விமானம் பாரிஸின் கலை, தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில், பழைய மடாலயத் தேவாலயமொன்றின் கூரையடியில் தொங்குகிறது. நான் பார்த்ததில்லை. புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றுக்கும்போல் எங்களுக்கும் அங்கே உறவினர் உண்டு. இருக்கைக்கு முன்புறத்தைப் படமெடுத்து அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். வந்ததும் இளைஞரிடம் கொடுக்கவேண்டும். திருத்திய தாளை அவர் இன்னும் கொண்டுவரவில்லை.