ம்பாண்டே: ஆற்றைக் கடந்து அரசனானவர்

சூலு மன்னர் என்றதும் எம்மில் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வருபவர் சாக்கா. எமது பிள்ளைகளும் அவரது பெயரைப் பாடசாலையிலோ தொலைக்காட்சியிலோ கேட்டிருப்பார்கள். சாக்கா ஆண்டது சுமார் பன்னிரண்டு ஆண்டுகள். அவருக்குப் பின் வந்த டிங்கானேயும் பன்னிரண்டு ஆண்டுகளே ஆண்டார். இவ்விருவருக்கும் தம்பியான ம்பாண்டேயோ 1840 முதல் 1872 வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆண்டார். ஆயினும் இவரைப் பற்றி அறிந்தவர் சிலரே. அறிந்தவர்களிலும் பலர் இவரைக் கோழை என்றும் சோம்பேறி என்றும் சொல்லி விட்டுவிடுவர். அது நியாயமான தீர்ப்புத்தானா என்பதை இங்கு பார்ப்போம்.

தப்பிப் பிழைத்த தம்பி

சூலு தலைவர் சென்சங்ககோனாவின் மகனாக 1798ஆம் ஆண்டளவில் ம்பாண்டே பிறந்தார். சாக்காவும் டிங்கானேயும் வேறு தாய்மாருக்குப் பிறந்த தமையன்மார். 1828இல் டிங்கானேயும் ம்லங்கானா என்ற இன்னொரு சகோதரரும் சேர்ந்து சாக்காவைக் கொலை செய்தனர். சிறிது காலத்தில் டிங்கானே, ம்லங்கானாவையும் அரசுரிமை கோரக்கூடிய ஏனைய சகோதரர்களையும் ஒழித்துக் கட்டினார். ம்பாண்டே தப்பினார். இவர் மந்தமானவர், மாடும் மனைவியரும் உண்டென்றால் போதும் என்றிருப்பவர், இவரால் ஆபத்தில்லை எனத் தமையன் எண்ணியதே காரணம். உண்மையிலேயே மந்தமானவரா, அல்லது உயிர் தப்ப அப்படி நடந்துகொண்டாரா? பின்னர் நடந்தவற்றைப் பார்த்து நாமே முடிவு செய்யலாம்.

அக்காலத்தில் வெள்ளையர் இரு வழியாக வந்து சேர்ந்தனர். 1824இல் சில ஆங்கிலேய வணிகர்கள் இன்றைய டேர்பன் துறைமுகத்தில் குடியேறினர். 1837இன் இறுதியில் போயர்கள் எனப்படும் டச்சு வழிக் குடியானவர்கள் மாட்டு வண்டிகளில் மலை கடந்து வந்தனர். 1838 பெப்ரவரியில் அவர்களது தலைவர் பீற் ரெட்டீவையும் உடன் வந்தவர்களையும் டிங்கானே கொல்வித்தார். அதே ஆண்டு டிசெம்பர் 16ஆம் திகதி ன்கோமே ஆற்றங்கரையில் போயர்களின் துப்பாக்கிகளுக்கு முன் சுமார் 3,000 சூலு வீரர்கள் மடிந்தனர்.

துகேலாவைக் கடத்தல்

தோல்வியுற்ற டிங்கானே வடக்கே சுவாசி நாட்டைப் பிடிக்க முயன்று, ம்பாண்டேயையும் தன் ஆட்களுடன் வரும்படி அழைத்தார். போனால் உயிர் மிஞ்சாது என ம்பாண்டே அஞ்சினார். 1839 செப்ரெம்பரில் சுமார் 17,000 மக்களுடனும் பெருந்தொகையான மாடுகளுடனும் துகேலா ஆற்றைக் கடந்து, போயர்களின் ஆட்சிப் பகுதியில் தஞ்சம் புகுந்தார். சூலு மக்கள் இந்நிகழ்ச்சியை நாட்டைக் கட்டியிருந்த கயிறு அறுந்த நாளாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

தஞ்சம் இலவசமாகக் கிடைப்பதில்லை. போயர்கள் அவரை அகதிச் சூலுக்களின் இளவரசராக ஏற்று, டிங்கானேக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்தனர். 1840 ஜனவரி இறுதியில் மக்கொங்கோ குன்றுகளருகே ம்பாண்டேயின் தளபதி நொங்கலாசா டிங்கானேயின் படையை முறியடித்தார். போயர்கள் துப்பாக்கியுடன் பின்னால் வந்தார்களேயன்றி, அன்று இரு பக்கமும் இறந்தவர்கள் சூலுக்களே. தப்பியோடிய டிங்கானே லுபொம்போ மலைப்பகுதியில் கொல்லப்பட்டார். சமாதானம் பேசவந்த டிங்கானேயின் தூதர் டம்பூசாவைப் போயர்கள் சுட்டுக் கொன்றதும் இந்நாட்களில்தான். அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் ம்பாண்டே. இதை நாம் மறைப்பதற்கில்லை.

1840 பெப்ரவரியில் போயர் தலைவர் பிரிட்டோறியஸ் ம்பாண்டேயை மன்னராக அறிவித்தார். விலையாக 30,000க்கும் மேற்பட்ட மாடுகளையும், துகேலாவுக்கு வடக்கே பெரும் நிலப்பரப்பையும் போயர்கள் எடுத்துக்கொண்டனர்.

இரு வல்லவர் நடுவே

மந்தமானவர் எனப்பட்டவரின் திறமை இனித்தான் வெளிப்பட்டது. 1843இல் ஆங்கிலேயர் நேட்டாலைத் தமதாக்கினர். அவர்களது ஆணையாளர் ஹென்றி குளூட்டேயுடன் அதே ஆண்டு ஒக்டோபரில் ம்பாண்டே உடன்படிக்கை செய்தார். துகேலாவும் ம்சின்யாதியும் எல்லையாயின. சென் லூசியா குடாவை ஆங்கிலேயருக்குக் கொடுத்தாராயினும், போயர்கள் பறித்த வடகரை நிலம் ஒரு வேட்டுமின்றித் திரும்பக் கிடைத்தது. ஒருவர் மிரட்டினால் மற்றவருக்குத் தூது அனுப்புவது அவர் வழக்கமாயிற்று. சிதைந்திருந்த படைப்பிரிவு முறையை மீண்டும் கட்டியெழுப்பினார். தன் நோய்க்கு மருந்து கொடுத்த நோர்வே பாதிரியார் ஷ்ரோடருக்கு எம்பங்கேனியில் இடம் கொடுத்தார்.

ஆனால் வீட்டுக்குள் அவரும் அண்ணன்மாரின் வழியையே பின்பற்றினார். 1843இல் தம்பி குக்குவைக் கொல்வித்தார். அத்தை மாவா ஆயிரக்கணக்கான மக்களுடன் துகேலாவைக் கடந்து நேட்டாலுக்கு ஓடினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் அஞ்சி ஓடியவருக்கு அஞ்சி, அதே ஆற்றை மற்றவர்கள் கடந்தனர்.

பிள்ளைகளின் போர்

தனக்குப் பின் யார் என்பதை ம்பாண்டே தெளிவாகச் சொல்லவில்லை. மூத்த மகன் செட்ஷ்வாயோ. மனதுக்குப் பிடித்தவர் ம்புயாசி. இருவரையும் நம்பிக்கையில் வைத்திருந்தால் தன் ஆசனம் நிலைக்கும் என அவர் எண்ணியிருக்கலாம். 1856 டிசெம்பர் 2ஆம் திகதி துகேலாக் கரையில் இன்டொண்டாகுசுகா என்ற இடத்தில் இருவரும் மோதினர். ம்புயாசியின் பக்கத்தில் சுமார் 7,000 வீரர்கள். எதிரே அதைவிட இரு மடங்குக்கும் மேல். பின்னால் ஆறு பெருக்கெடுத்திருந்தது. பெண்களும் பிள்ளைகளுமாக ஆயிரக்கணக்கானோர் கரையிலும் வெள்ளத்திலும் இறந்தனர். ம்புயாசி உட்பட மன்னரின் ஆறு புதல்வர்கள் ஒரே நாளில் மாண்டனர். பதினேழு ஆண்டுகளுக்கு முன் தகப்பனுக்கு வழிவிட்ட ஆறு, பிள்ளைக்கு வழிவிடவில்லை.

1861இல் நேட்டால் அதிகாரி ஷெப்ஸ்டோன் நேரில் வந்து செட்ஷ்வாயோவை வாரிசாக ஏற்றார். பருத்த உடலால் நடமாட முடியாத ம்பாண்டே நொட்வெங்கு தலைநகரில் பெயரளவில் அரசராக இருந்து, 1872இல் காலமானார். சாக்காவும் டிங்கானேயும் கொல்லப்பட்டனர். செட்ஷ்வாயோ 1879இல் ஆங்கிலேயரிடம் நாட்டை இழந்து சிறைப்பட்டார். இவர் ஒருவரே மன்னராகவே இயற்கை மரணம் எய்தினார்.

தென்கரையில் எம்மவர்

1860 நவம்பர் 16ஆம் திகதி சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டேர்பனை அடைந்தது. அதில் வந்த ஒப்பந்தத் தொழிலாளரில் தமிழர் பலர். ஆபிரிக்க மக்கள் சொந்த நிலத்தையும் மாட்டையும் விட்டுக் கரும்புத் தோட்டங்களில் நீண்ட ஒப்பந்தத்துக்கு உழைக்க விரும்பாததே எம்மவரைக் கொண்டுவந்ததற்கு முக்கிய காரணம். துகேலாவுக்குத் தெற்கே தமிழர் கரும்பு வெட்டிய முதல் பன்னிரண்டு ஆண்டுகளும் வடக்கே ம்பாண்டேயே மன்னர்.

கணக்கின் முடிவில்

கணக்கு எழுதிப் பழகிய நாம் இவரது வாழ்வையும் இரு பக்கமாக எழுதிப் பார்த்தோம். ஒரு பக்கத்தில் அந்நியரின் துணையோடு பெற்ற முடி, தூதரின் உயிர், தம்பியின் இரத்தம், பிள்ளைகளைப் பிரித்துவைத்த தவறு. மறு பக்கத்தில், அவர் இறந்தபோது சூலு நாடு சுதந்திர நாடாகவே இருந்தது. நிலம் பெரும்பாலும் மக்களின் கையில் இருந்தது. வீரர் என்று புகழப்பட்ட டிங்கானே இதைச் செய்யவில்லை.

உயிருக்கு அஞ்சி எல்லை கடந்தவரை ஓடிப்போனவர் என்று இகழ்வது எளிது. எல்லை கடந்து வந்த நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். ம்பாண்டே ஓடியதில் குற்றம் காண்பதற்கில்லை. திரும்பி வந்து ஆசனத்தில் அமர்ந்தபின், ஓடிய நாளின் அச்சத்தை மறந்து பிறருக்கும் அதையே கொடுத்தாரே, அதுதான் அவரது கணக்கில் தீராமல் நிற்கும் கடன்.